உப்பேரிப் பொட்டலத்தில் மாத்திரை இல்லை

மக்கா,

மாத்திரையைத் தேடித்தான் இந்த வாழைக்காய் உப்பேரிப் பொட்டலத்தை முதலில் பிரித்திருப்பாய். அடிவரைக்கும் கைவிட்டுத் துழாவியிருப்பாய். பவுடர் டப்பா இருக்காது. அது இருக்கவேண்டிய இடத்தில் இந்தக் கடிதம்தான் இருக்கும். கோபம் வரும். வரட்டும், கோபத்தோடேயே படி. நீ ஓரிடத்தில் உட்கார்ந்து இத்தனை பக்கமும் படிக்கமாட்டாய் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? நடந்துகொண்டே படி. ஒரு பக்கம் படித்துவிட்டுப் போய்ச் சாயா குடித்துவிட்டு வந்து அடுத்த பக்கம் படி. உப்பேரியைத் தின்றுகொண்டே படி, தாளில் எண்ணெய் பட்டாலும் குற்றமில்லை. பாதியில் மடக்கிக் கட்டிலுக்கு அடியில் மட்டும் போட்டுவிடாதே. ஃபோனில் சொல்லலாம் என்றால் நீ கேட்கிற ஆளா? நான் வாயைத் திறப்பதற்குள் 'சரிம்மா, சரிம்மா, வைக்கேன்' என்று வைத்துவிடுகிறாய். நேற்றும் அப்படித்தான் வைத்தாய். நாளை விடியற்காலையில் சுனிலுக்கு விமானம். பெட்டியை இன்னும் ஒட்டவில்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது, இன்றைக்கு எனக்கு வேறு வேலையில்லை. அதற்குள் எழுதி முடித்துவிடவேண்டும்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுத் தங்கத்தின் மகன் சுனில், உன் கேம்பிலேயே அடுத்த ரூமில் இருக்கிறவன், பிள்ளை பிறந்த இருபத்தெட்டாம் நாள் இடுப்பில் கயிறு கெட்டுகிற இருபத்தெட்டுக் கெட்டு நடத்த லீவில் வந்தவன், திரும்பப் போகிறான் என்று தெரிந்ததும் நீ கூப்பிட்டாய். 'அம்மா, மாத்திரை தீந்து போச்சு. டாக்டர்ட்ட போய் வாங்கி அவன்ட்ட குடுத்து விடு. அட்டையோட வைக்காண்டாம், கனம் கூடும். பிச்சு ஒரு டப்பால போட்டு உப்பேரிக்குள்ள வச்சிரு' என்றாய். எனக்கு அதில் விசேஷமாக ஒன்றும் தோன்றவில்லை. கல்ஃபுக்குப் போகிறவனின் பெட்டி நம் பக்கத்தில் என்றைக்கு அவன் ஒருத்தனுடைய பெட்டியாக இருந்திருக்கிறது? ஒருத்தி கருப்பட்டி கொண்டுவருவாள், ஒருத்தி தேங்காய்ச் சம்மந்திப்பொடி, இன்னொருத்தி மகனின் முதுகுவலிக்குத் தைலம். தராசில் தூக்கித் தூக்கி வைத்து, கனத்தைக் குறைக்க அட்டையைக் கிழித்தெறிந்து, டப்பாவுக்குள் டப்பாவை இறக்கி, மிச்சமுள்ள இடுக்கில் எதையாவது சொருகித்தான் அனுப்புவோம். நானும் அதைத்தான் செய்தேன். திருவனந்தபுரம் போய் டாக்டரிடம், 'பையனுக்குக் காய்ச்ச, வர முடியேல' என்று கூசாமல் பொய் சொல்லி, ஒரு மாசத்து மாத்திரை வாங்கினேன். அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி, கழுவிக் காயவைத்த பவுடர் டப்பாவில் போட்டு, வாழைக்காய் உப்பேரிக்கு நடுவே புதைத்தேன். டாக்டரின் சீட்டை அலமாரியில் வைத்துவிட்டேன். வெறும் காகிதம், அதையும் எதற்குச் சுமக்க என்று நினைத்தேன்.

நேற்றுச் சாயங்காலம் பொட்டலத்தைத் தங்கத்தின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலைந்து பெண்கள் தங்கள் பொட்டலங்களோடு நின்றார்கள். சுனில் நம் பொட்டலத்தைத்தான் தராசிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தான். அப்படியே எல்லாரையும் பார்த்துச் சொன்னான். 'உப்பேரியோ கருப்பட்டியோ என்னண்ணாலும் தாங்க, கொண்டுபோறேன். மருந்து மாத்திரை மட்டும் ஆருக்கதும் வேண்டாம். எனக்க ரூம்ல ஒருத்தன் கூட்டாளிக்குண்ணு நரம்பு மாத்திரை கொண்டு வந்தான். சீட்டும் இல்ல, அட்டையும் இல்ல. ஏர்போர்ட்டுலயே பிடிச்சுப்போட்டானுவ. மாசக்கணக்கா உள்ள கெடந்தான். ஆருக்கதுண்ணு அவனுவ கேக்கமாட்டானுவ மாமி. ஆருக்க கைல இருக்கோ அவனுக்கதுதான்.' சொல்லிவிட்டு நம் பொட்டலத்தைப் பெட்டிக்குள் வைத்தான். நான் வாயைத் திறக்கவில்லை, மக்கா. தங்கம் பேரப்பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். இடுப்பில் கெட்டின கருப்புக் கயிறு இன்னும் புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்து, கொஞ்சி, கன்னத்தைக் கிள்ளிவிட்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்ததும் உன்னைக் கூப்பிட்டேன். 'எலே, அந்த மாத்திரைய அங்க கொண்டு வரப்பிடாதாமே, உனக்குத் தெரியுமா?' என்று கேட்டேன். உனக்குத் தெரியாது என்று நீ சொல்வாய், நான் அழுவேன், இரண்டுபேரும் சேர்ந்து பதறுவோம் என்று நினைத்திருந்தேன். நீ 'தெரியும்' என்றாய். 'எலே, தெரிஞ்சுட்டா குடுத்து விடச் சொன்ன?' என்றேன். 'அவன ஆரும்மா செக் பண்ணப் போறா? உப்பேரிக்குள்ள கைய விட்டா பாப்பானுவ? சரிம்மா, வைக்கேன்.' அடப் பாவி! பிறந்து கண் விழித்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிற ஒரு குஞ்சு, அதன் தகப்பனைக் கொண்டுபோய் ஜெயிலில் போடப் பார்த்தாயே! என் கையாலேயே போடப் பார்த்தாயே! வீடெல்லாம் நடந்து உன்னைத் திட்டினேன். உன் அப்பா, 'ஏட்டி, ஆரோட சண்டை?' என்று கேட்டார். அவரிடமும் நான் சொல்லவில்லை.

கோபம் உன்மேல் மட்டும் இருந்திருந்தால் நேற்றே தங்கத்தின் வீட்டுக்குப் போய்ப் பொட்டலத்தை எடுத்திருப்பேன். ஏன் எடுக்கவில்லை தெரியுமா? நானும் கணக்குப் போட்டேன். நீ சொல்கிறபடிக்கு யார் பெட்டியைக் குடைந்து பார்க்கப்போகிறார்கள் என்று நானும் நினைத்தேன். இத்தனை பேர் போகிறார்கள், இத்தனை பெட்டி போகிறது, சுனில் நல்ல பையன், அவன் முகத்தைப் பார்த்தால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏனென்றால் எனக்கு அந்தக் கொக்கி ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. போனவாரம் நீ சிரித்துக்கொண்டே சொன்னாயே, 'அம்மா, சாரத்துல நாலாவது மாடி உயரத்துல நின்னு வயர் இழுத்துட்டு இருந்தேன். கீழ இருந்து ஃபோர்மேன் கத்துகான். பாத்தா பெல்ட்டுக்க கொக்கிய மாட்டவே இல்ல. மறந்துபோச்சு' என்று. நீ சிரித்தாய். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மாத்திரை போட்ட நாளில் நீ கொக்கியை மாட்டாமல் இருந்ததில்லை. போடாத நாளில் நீ செருப்பைக்கூட ஒரு காலில்தான் மாட்டிக்கொண்டு கிளம்புவாய். கம்பெனிக்குத் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து நீ அங்கே டாக்டரிடமும் போகவில்லை. கொண்டுபோன ஒரு மாசத்து மாத்திரையைப் பாதி பாதியாகக் கிள்ளித் தின்று ஓட்டியிருக்கிறாய். இதையெல்லாம் நினைத்தால் ஒரு பெட்டியில் ஒரு டப்பா போனால் என்ன என்றுதான் எந்த அம்மாவுக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

சின்னதில் நீ எங்கள் உயிரை எடுத்தது உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியவில்லை. வீட்டுக்குப் பின்னால் நிற்கிற அயினி மரத்தில் ஏறிவிடுவாய். நான் அடுக்களையிலிருந்து, 'எலே, எங்க நிக்கே?' என்று விளிப்பேன். 'தரைலதான் நிக்கேன் அம்மா' என்பாய். குரல் மேலேயிருந்து வரும்! கூரைக்கு மேலிருந்து குரல் வருகிறது, தரையில் நிற்கிறானாம். நான் கம்பை எடுத்துக்கொண்டு ஓடி வருவேன், நீ கிளையில் உட்கார்ந்து அயினிப்பழம் தின்றுகொண்டு அப்போதும், 'தரைலதான் நிக்கேன்' என்பாய். அடித்தும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். 2004-ல் நீ மூன்றாம் வகுப்பு. வகுப்பில் உட்காரமாட்டேன் என்கிறான், பென்சில் தினம் ஒன்று தொலைக்கிறான், அடுத்த பிள்ளைகளையும் கெடுக்கிறான் என்று டீச்சர் வாரத்துக்கு ஒருமுறை என்னைக் கூப்பிட்டு விடுவார். வல்லாரை அரைத்துக் கொடுத்தேன், தலைக்கு எண்ணெய் வைத்தேன், மந்திரித்த கயிறு கட்டினேன். ஒரு வைத்தியர் கொடுத்த லேகியத்தை நீ பாதி தின்று மீதியைப் பூனைக்கு வைத்துவிட்டாய். நீயும் அடங்கவில்லை, பூனையும் அடங்கவில்லை. கடைசியில் அந்த டீச்சரே ஒருநாள் நல்லவிதமாக, 'திருவனந்தபுரத்துல குழந்தைகளுக்க மனசு டாக்டர் இருக்காங்க, ஒருதடவ காட்டிப் பாருங்க' என்றார். 'எனக்க பிள்ளைக்குப் பைத்தியமா டீச்சர்?' என்று நான் பள்ளிக்கூட வராந்தாவில் நின்று கத்தினேன். கத்திவிட்டு அடுத்த வாரம் பஸ் ஏறினேன்.

டாக்டர் மார்த்தாண்டத்துக்காரி. நம் பேச்சிலேயே பேசினார். 'இது சேட்டை இல்ல, வளப்புக் குத்தமும் இல்ல. கவனத்த ஒரு எடத்துல பிடிச்சு நிறுத்துற வேலை இவனுக்க மூளைல கொஞ்சம் பெலன் கொறவு' என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் அவர் மேஜையில் தலை வைத்து அழுதேன். அதுவரைக்கும் வளர்ப்புச் சரியில்லை என்று என்னைச் சொல்லாத ஆள் ஊரில் இல்லை. அன்றைக்கு அவர் எழுதியதுதான் மெத்தில்ஃபெனிடேட். பேர் என் வாயில் வர ஒரு வருஷம் ஆனது. நமக்கு அது சின்ன மாத்திரை. போட்டு அரைமணிக்கூரில் வேலை செய்யும், நாலு மணிக்கூரில் போய்விடும். உன் அப்பாவுக்கு நம்பிக்கையே இல்லை. 'இவனுக்க பிராயத்துல நானும் இப்பிடித்தான் இருந்தேன், எனக்கு ஆரு மாத்திரை தந்தா?' என்று முறைத்தார். அவருக்கு நம்பிக்கை வந்த நாளை நான் மறக்கமாட்டேன். பால்வெட்டுக்குப் போகும்போது விடுமுறையில் உன்னையும் கூட்டிக்கொண்டு போவார் அல்லவா? ரப்பர் மரத்தில் பட்டையை மட்டும் சீவவேண்டும், கத்தி தடிக்குள் இறங்கினால் மரம் கெட்டுவிடும். நீ கத்தியைத் தொட்ட மரமெல்லாம் காயம். எஸ்டேட்காரர் உன் அப்பாவை வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறார். ஒருநாள் மாத்திரை போட்டுவிட்டுப் போனாய். திரும்பி வந்ததும் உன் அப்பா முற்றத்திலேயே நின்று சொன்னார், 'ஏட்டி, இன்னைக்கு இவன் வெட்டின பட்டையப் பாக்கணும். நூல் பிடிச்சாப்ல வந்துருக்கு.' அதற்குமேல் அவர் மாத்திரையைப் பற்றிக் குறை சொன்னதே இல்லை.

ஆனால் அதுவும் சும்மா கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்ட சோறு அப்படியே திரும்பி வந்தது. பசியே இல்லை என்பாய். விலா எலும்பு எண்ணலாம் போல ஆகிவிட்டாய். பிள்ளைக்குச் சோறு போடுகிறாளா இல்லையா என்று அதற்கும் பேச்சுக் கேட்டேன். மாத்திரையின் வேகம் இறங்குகிற நேரத்தில், சாயங்காலம், எதற்கென்று தெரியாமல் அழுவாய், தட்டை எறிவாய். இருட்டின பிறகு பசி வந்து, அவித்த மரச்சீனிக் கிழங்கைச் சட்டியோடு காலி பண்ணுவாய். டாக்டர் ஒவ்வொரு தடவையும் உன் எடையையும் உயரத்தையும் பார்ப்பார், வளர்ச்சி தடைப்படக்கூடாது என்று. பிறகு அதே மருந்தை வயிற்றுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற மாத்திரையாக மாற்றினார். காலையில் ஒன்று போட்டால் பள்ளிக்கூடம் விடுகிறவரை நிற்கும். சாயங்கால அழுகை குறைந்தது. என்ன ஒன்று, அது எல்லாக் கடையிலும் கிடைக்காது, ஒவ்வொரு தடவையும் புதுச் சீட்டு வேண்டும், சீட்டின் ஒரு காப்பியைக் கடைக்காரர் வாங்கி வைத்துக்கொள்வார். அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும், இது இருமல் மருந்து மாதிரி யார் கையிலும் கொடுத்துவிடுகிற சாமான் இல்லை என்று.

நீ ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போது அந்த மாத்திரை எந்தக் கடையிலும் கிடைக்காமல் போனது. நீயும் மெலிந்து, உறக்கமும் இல்லாமல் இருந்தாய். அப்போதுதான் டாக்டர் அடோமாக்ஸெட்டினுக்கு மாற்றினார். நீ பெயரைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற அதே கேப்ஸ்யூல்தான். இது போட்ட உடனே வேலை செய்யாது, ஒரு மாசம் ஒன்றரை மாசம் பொறுக்கவேண்டும், ஆனால் பிடித்துவிட்டால் காலை முதல் இரவு வரை ஒரே சீராக நிற்கும், நடுவில் இறங்காது, வாங்கவும் இத்தனை கெடுபிடி இல்லை என்றெல்லாம் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். 'தொடக்கத்துல வயித்தப் பிரட்டும், சோத்துக்குப் பிறகு குடுங்க. முக்கியமா மனச கவனிங்க. ரொம்ப சங்கடப்பட்டாலோ, ஒதுங்கி ஒதுங்கி இருந்தாலோ, ஒருநாள்கூட காத்திருக்காம எனக்கு விளிக்கணும்.' நான் தலையை ஆட்டினேன். வாந்தி எடுத்தாய், பொறுத்தோம். பிறகு நீ அமைதியானாய். மரம் ஏறவில்லை. எதிர்த்துப் பேசவில்லை. கூப்பிட்ட குரலுக்கு வந்தாய். டீச்சர் சந்தோஷப்பட்டார், உன் அப்பா சந்தோஷப்பட்டார், நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். பிள்ளை தேறிவிட்டான் என்று ஊரெல்லாம் சொன்னேன். ஒருநாள் ரப்பர் ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். நீ வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாய். 'அம்மா, நான் இல்லேண்ணா உங்க ரெண்டுபேருக்கும் சொகமா இருக்கும், இல்லியா?' என்றாய். மழை வருமா என்று கேட்கிற மாதிரிக் கேட்டாய். கையிலிருந்த ஷீட்டை அப்படியே போட்டுவிட்டு உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கட்டியிருந்த சேலையோடு பஸ் ஏறினோம். டாக்டர் அதை நிறுத்தினார். கொஞ்ச நாளில் நீ மறுபடி மரத்தில் ஏறினாய். ஏறட்டும், ஏறட்டும் என்று கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய மாத்திரை மறுபடி கடைக்கு வந்ததும் அதற்கே திரும்பினோம், அதைத்தான் இன்றைக்கும் தின்கிறாய். இராத்திரி உறக்கத்துக்கென்று பாதி மாத்திரையாகக் கொடுத்த குளோனிடினையும் விட்டுவிடாமல் சொல்கிறேன். ரத்தக்கொதிப்புக்காரர்களுக்குக் கொடுப்பது அது. உறங்கினாய், நன்றாகவே உறங்கினாய், வகுப்பிலும் உறங்கினாய். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்றாய். நினைத்த மாத்திரத்தில் நிறுத்தவும் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கவேண்டும். சாரத்தில் நிற்கிறவனுக்குக் கண் இருட்டினால் என்ன ஆகும் என்று நீயே யோசி. கூட வேலை செய்கிற எவனாவது அந்த மாத்திரை கிடைக்கும் என்று சொன்னால் வாங்கித் தின்றுவிடாதே, உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

ஆக, என் முன்னால் என்ன இருக்கிறது பார். உனக்கு நன்றாகக் கேட்கிற மாத்திரையை அனுப்பினால் தங்கத்தின் மகன் ஜெயிலுக்குப் போவான். கள்ளத்தனம் இல்லாமல் கிடைக்கிற மாத்திரை, என் பிள்ளை வாயிலிருந்து அந்த வார்த்தையை வரவழைத்த மாத்திரை. மூன்றாவது உன்னைத் தள்ளிவிடும். ஒன்றுமே வேண்டாம் என்றால் கொக்கி மாட்டாமல் நாலாவது மாடியில் நிற்பாய். எதை எடுத்தாலும் யாரோ ஒருத்தியின் பிள்ளை போகிறான். இன்று காலையில் அடுக்களையில் நின்றபடி இதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன், பால் பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை. அப்போது மதிலுக்கு அப்புறம் சுனில் பிள்ளையிடம் பேசிக்கொண்டிருந்தான். 'அப்பா போயிட்டு வரட்டா? அப்பாய மறந்துருவியா?' என்று. எனக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை.

முதலில் டாக்டருக்கு ஃபோன் செய்தேன். பொய் சொன்னதைச் சொன்னேன். என்னைத் திட்டினார், மக்கா. இத்தனை வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. திட்டி முடித்துவிட்டுச் சொன்னார், 'அந்த மாத்திரை அங்கயும் உண்டு. ஆனா அங்க உள்ள டாக்டர் பாத்து, அவங்க சட்டப்படி எழுதித் தரணும். ஒளிச்சு கொண்டுபோனாத்தான் குத்தம், சீக்கு இருக்கது குத்தம் இல்ல. கிடைக்க நாள் ஆகும்ணு அந்த டாக்டர் சொன்னா, மத்த கேப்ஸ்யூல கொறஞ்ச அளவுல தொடங்கலாமாண்ணு கேக்கட்டும். பதினாலு வயசுல ஒத்துக்காதது இப்பவும் ஒத்துக்காதுண்ணு இல்ல. ஆனா அன்னைக்கு நடந்தத மறைக்காம அவங்கட்ட சொல்லணும். கூட இருக்க ஒரு ஆள் தினமும் அவனுக்க மொகத்தப் பாக்கணும். மருந்து பிடிக்கிறது வரைக்கும் ஒயரத்துல ஏறப்பிடாது.' நான் கேட்டேன், 'கம்பெனி திருப்பி அனுப்பிச்சுட்டா?' 'அனுப்பினா ஆளு முழுசா வருவான்லா?' என்றார்.

பிறகு தங்கத்தின் வீட்டுக்குப் போனேன். தங்கம் ஒன்றும் தெரியாமல் வழக்கம்போல் பிள்ளையை என் மடியில் வைத்தாள். நான் சுனிலிடம், 'மக்கா, அந்த உப்பேரிய வெளிய எடு' என்றேன். எடுத்தான். பிரித்து டப்பாவை வெளியே எடுத்துக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். நேற்று அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டும் வாய் மூடி நின்றேன் என்பதையும் சொன்னேன். நீ சொல்லித்தான் வைத்தேன் என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை. அவனே கேட்டான், 'அவனுக்குத் தெரியுமா மாமி?' நான் தலையைக் குனிந்தேன். தங்கம் கத்துவாள், முடியைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். பிடித்திருக்கலாம். அவள் குனிந்து என் மடியிலிருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நீ பிறந்தபோது உன்னைக் குளிப்பாட்டிவிட்டவள் அவள். இனி என்னோடு பேசுவாளா என்று தெரியவில்லை. நான் எழுந்து வாசலுக்கு வந்தபோது சுனில் பின்னாலேயே வந்தான். 'உப்பேரிய கொண்டுபோறேன் மாமி. போனதும் அவனுக்கு ரெண்டு அடி குடுப்பேன். பிறகு டாக்டர்ட்ட நானே கூட்டிட்டுப் போவேன்' என்றான். அந்த நேரத்தில் அவன் காலில் விழுந்திருப்பேன், வயதில் சின்னவன் என்பதால் விழவில்லை. கூட இருந்து முகத்தைப் பார்க்க ஆள் வேண்டும் என்று டாக்டர் சொன்னதையும், அந்தக் கேப்ஸ்யூல் போட்டபோது நீ என்னிடம் கேட்ட கேள்வியையும் அவனிடம் சொல்லிவிட்டேன். உனக்கு வெட்கமாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். அவன் அடித்தால் வாங்கிக்கொள்.

உன் அப்பாவிடமும் மத்தியானம் சொன்னேன். கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர் தீட்டுவதை நிறுத்தவில்லை. 'அவன வரச் சொல்லு. பால்வெட்ட நான் சொல்லிக் குடுக்கேன். இங்க மரத்துக்குக் காயம் பட்டாலும் நம்ம பயலுக்கு ஒண்ணும் ஆவாது' என்றார். பிறகு எழுந்துபோய் அலமாரியிலிருந்து உன் ஃபைலை எடுத்துத் தந்தார். சின்னதிலிருந்து டாக்டர் எழுதின சீட்டு அத்தனையும் அதில் இருக்கிறது. எந்த மாத்திரை, என்ன அளவு, எது ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை, எல்லாம் இருக்கிறது. அதன் காப்பியைச் சுனில் கையில் கொடுத்திருக்கிறேன். காகிதம் கொண்டுபோனால் யாரும் பிடிக்கமாட்டார்கள். நேற்று வெறும் காகிதம் என்று நான் அலமாரியில் வைத்த சீட்டும் அதில் இருக்கிறது. அந்தப் பவுடர் டப்பாவை டாக்டரிடமே திருப்பிக் கொண்டுபோகிறேன்.

நீ செய்யவேண்டியது இவ்வளவுதான். அந்த ஃபோர்மேனிடம் போய், எனக்கு இன்ன சீக்கு இருக்கிறது, மருந்து கிடைக்கிறவரை கீழே வேலை தாருங்கள் என்று கேள். தந்தால் செய். தரமாட்டேன் என்றால் அப்படியே டிக்கெட் போட்டு வா. ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும், உன்னை வைத்து ஊர் சிரித்தது எனக்கு என்ன புதுசா? நீ கல்ஃபுக்குப் போக வாங்கின கடனைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே, அது எங்கள் பாடு. டாக்டரிடம் போகும்போது அந்தப் பழைய கேள்வியை மறைக்காமல் சொல். அது மறுபடி மனதில் வந்தால், வேலைநேரமா உறக்கநேரமா என்று பார்க்காதே, சுனிலைத் தட்டி எழுப்பு, என்னைக் கூப்பிடு. அன்றைக்குப் போலப் பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க உன்னால் முடியாது, எனக்கு ஓடிவந்து கட்டிப்பிடிக்கவும் முடியாது. அதை நினைத்தால்தான் எனக்குப் பதற்றமும் வெப்ராளமுமாக இருக்கிறது.

வாசலில் சுனில் வந்து நிற்கிறான், பெட்டியை ஒட்டவேண்டுமாம். நிறுத்துகிறேன். இது கையில் கிடைத்த உடனே என்னைக் கூப்பிடு. அதிகம் பேசவேண்டாம், உனக்குப் பொறுமை இருக்காது. 'தரைலதான் நிக்கேன் அம்மா' என்று அதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடு. சின்னதில் நீ அந்தப் பொய்யைச் சொன்னால் குரல் மேலேயிருந்து வரும், நான் கம்பை எடுத்துக்கொண்டு ஓடிவருவேன். ஃபோனில் குரல் எங்கேயிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாது, மக்கா. பொய் மட்டும் சொல்லிவிடாதே.

உன் அம்மா